ஜாலி ஃபோனிக்ஸ்: ஷார்ட் வவலில் கெட்டி, சைலன்ட் லெட்டரில் கோட்டை விடுகிறது

எழுத்தின் ஒலிகளைக் கூட்டி ஆங்கிலம் படிக்கச் சொல்லிக்கொடுக்க 1992-ல் இங்கிலாந்தில் வந்த முறை இது. மொத்தம் 42 ஒலிகள், 7 தொகுப்புகள். நாளைக்கு ஒன்று என்று போனால் சுமார் 9 வாரத்தில் முடித்துவிடலாம். ஏ, பி, சி வரிசை கிடையாது. எஸ், ஏ, டைகர் டி, ஐ, பேரட் பி, என் என்று ஆரம்பிக்கிறது. இந்த ஆறை வைத்தே பின், டின், டிப், சிட் எல்லாம் கூட்டிப் படிக்கலாம் என்பதால்தான் அந்த வரிசை.

ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சைகை உண்டு. ஷார்ட் ஏ-வுக்குக் கையில் எறும்பு ஊர்வது, இ-க்கு முட்டையை உடைப்பது, ஓ-வுக்கு லைட் சுவிட்சைத் தட்டுவது, யூ-வுக்குக் குடை விரிப்பது. ஷார்ட் வவல் என்னும் குறுகிய உயிரொலிகள் ஐந்தும் மூன்றாம் தொகுப்புக்குள் முடிந்துவிடும். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் லாங் வவலில். நான்காம் தொகுப்பில் ஏ-ஐ, ஓ-ஏ, ஐ-இ, இ-இ என்று ஜோடி எழுத்துகளாக வருகிறது. யூ-இ ஜோடிக்கு ஏழாம் தொகுப்பு வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் நின்று முந்தைய வவலை நீட்டும் 'மேஜிக் இ' இந்த 42-க்கு அப்புறம்தான். ஆகவே 42-ம் முடித்த பிள்ளை மழைக்கான ரெயினைப் படிக்கும், பிறந்தநாள் கேக்கில் முட்டிக்கொள்ளும். "புக்கே முடிஞ்சிருச்சு, இன்னும் கேக் படிக்கத் தெரியல" என்று பள்ளியில் போய் நிற்க வேண்டாம், முறையே அப்படித்தான்.

தமிழ் வீடுகளில் கூடுதலாக ஒரு குழப்பம். நம் குறில் நெடில் கணக்கை இங்கே போடக் கூடாது. அ-வை இரண்டு மாத்திரைக்கு இழுத்தால் ஆ. ஆனால் லாங் ஏ என்பது ஷார்ட் ஏ-வை இழுத்தது அல்ல, வேறு ஒலி. ஷார்ட் ஏ-வுக்குக் கீழ்த்தாடை நன்றாக இறங்க வேண்டும், ஒலி ஓரிடத்தில் நிற்கும். லாங் ஏ 'எ'-யில் கிளம்பி 'இ' பக்கம் நகரும். தலையில் போடும் தொப்பியையும் சூப்பர்மேனின் முதுகில் பறக்கும் துணியையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் 'கேப்'. வாணலிக்கும் வலிக்கும் ஒரே 'பேன்'. புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாருகிறது. அதற்குப் பதில் இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துச் சொல்லி, தாடை இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்க்க வையுங்கள்.

மெய்யொலிகளைப் புள்ளி வைத்தே சொல்லிக் கொடுங்கள். 'க', 'ட' என்று சொன்னால் பூனை 'க-ஏ-ட' ஆகிவிடும், சொல்லாகக் கூடாது. 'க்', 'ட்' என்றால் ஒட்டிக்கொள்ளும். நமக்குப் புள்ளி வைத்த மெய் ஏற்கெனவே இருப்பது பெரிய வசதி, ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. இன்னொன்று, முட்டையை 'யெக்' என்று சொல்லும் பழக்கம். முட்டை சைகை வரும் அன்றைக்கே திருத்தாவிட்டால் பிறகு கஷ்டம்.

சைலன்ட் லெட்டர், அதாவது எழுதியும் ஒலிக்காத எழுத்து, இந்த செட்டின் பலவீனம். ஒலிக்கு அடங்காத 72 சொற்களை 'ட்ரிக்கி வேர்ட்ஸ்' என்று தனியே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஸ்பெல்லிங் நினைவில் நிற்க, எழுத்தில் இருப்பதை அப்படியே உச்சரிக்கும் உத்தி இருக்கிறது: புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்பது போல. உத்தி நல்லதுதான், ஆனால் சைலன்ட் லெட்டரை வகைவகையாகப் பார்ப்பது அடுத்து வரும் கிராமர் வரிசையில்தான். முதல் செட்டோடு நிறுத்துபவர்கள் நான்கு வகையை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். கத்தி, முழங்கால்: என்-னுக்கு முன் வரும் கே. எழுது, மணிக்கட்டு: ஆர்-க்கு முன் வரும் டபிள்யூ. ஆட்டுக்குட்டி, கட்டைவிரல்: எம்-முக்குப் பின் கடைசியில் நிற்கும், பந்துக்கான பால் பி. கேள், கோட்டை: எஸ்-ஸுக்குப் பின் வரும் டைகர் டி. இவை பெரும்பாலும் ஒரு காலத்தில் ஒலித்தவை. வாய் விட்டுவிட்டது, ஸ்பெல்லிங் விடவில்லை. கடனுக்கான 'டெட்' என்ற சொல்லில் உள்ள பால் பி தனி ரகம்: லத்தீன் மூலத்தைக் காட்ட அறிஞர்கள் பிற்காலத்தில் செருகியது.

மேஜிக் இ-யும் எப்போதும் வேலை செய்யாது. ஹேவ், கிவ் இரண்டிலும் வவல் நீளாது. ஆங்கிலச் சொல் வி-யில் முடிவது வழக்கமில்லை என்பதால் ஒப்புக்கு நிற்கும் இ அது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளை 'கைவ்' என்று படிக்காது.

ஆடியோ பிரிட்டிஷ் உச்சரிப்பு. அதனால் ஏ-ஆர் ஒலியில் ஆர் கேட்காது, 'ஆ' மட்டும்தான். நம் டீச்சர் ஆர் சேர்த்துச் சொன்னால் தப்பில்லை, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வாங்குவதென்றால், பள்ளியில் ஏற்கெனவே மாணவர் புத்தகம் கொடுத்திருந்தால் வீட்டுக்கு 7 ஃபிங்கர் ஃபோனிக்ஸ் அட்டைப் புத்தகங்கள் போதும். எழுத்து குழிவாக வெட்டியிருக்கும், விரலை ஓட்டிப் பழகலாம். ஆர்டர் போடும் முன் பிரின்ட் எழுத்தா, பின்னால் சேர்த்து எழுத வசதியாக வால் வைத்த ப்ரீகர்சிவ் எழுத்தா என்று பாருங்கள். பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்தால் பிள்ளை எழுத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறும்.