முதலை ஊசியிலிருந்து மீள: மெத்தடோனா, புப்ரெனார்ஃபினா?

ரஷ்யாவில் 'க்ரோகடில்' என்றால் முதலை. கோடீன் என்ற வலி நிவாரணி மாத்திரையை வைத்து வீட்டிலேயே காய்ச்சும் டெசோமார்ஃபின் என்ற போதை ஊசிக்கும் அதுதான் பெயர். குத்திய இடத்தில் தோல் பச்சை படர்ந்து செதில் செதிலாகும், சதை அழுகும். காய்ச்சிய மருந்தில் தங்கிவிடும் நச்சுக் கழிவுகளே இதற்கு முக்கியக் காரணம். போதை ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் இரவும் பகலும் ஊசிதான். 2012 ஜூனில் கோடீனுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயமான பிறகே பரவல் தணிந்தது.

மீள நினைப்பவருக்குப் போதை ஊசிக்குப் பதிலாக மருத்துவம் தரும் மாற்று மருந்துகள் இரண்டு: மெத்தடோன், புப்ரெனார்ஃபின்.

செலவு: மெத்தடோன் மலிவு. புப்ரெனார்ஃபின் பொதுவாகக் கூடுதல்.

எடுக்கும் விதம்: மெத்தடோன், தினமும் குடிக்கும் மருந்து. புப்ரெனார்ஃபின், நாக்கின் அடியில் கரையும் மாத்திரை.

தொடக்கம்: மெத்தடோனுக்குக் காத்திருக்க வேண்டாம். புப்ரெனார்ஃபினை, போதை இறங்கி உடல்நடுக்கம், வியர்வை எனத் தவிப்பு தொடங்கிய பின்பே தர வேண்டும். அவசரப்பட்டால் தவிப்பு பன்மடங்காகும்.

ஆபத்து: மெத்தடோனில் முதல் இரண்டு வாரம் மிகுந்த கவனம் தேவை. அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும், இதயத் துடிப்பும் பிசகலாம். புப்ரெனார்ஃபினின் வீரியம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஆனால் மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் அதுவும் கொல்லும்.

பல ஆண்டு ஊசியில் ஊறியவர், சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர் என்றால் மெத்தடோன்தான் பிடித்து நிறுத்தும் என்பேன். வேலைக்குப் போகிறவருக்கும் இதயக் கோளாறு உள்ளவருக்கும் புப்ரெனார்ஃபின். அழுகிய புண்ணுக்கு இரண்டும் மருந்தல்ல, அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

உக்ரைனில் இரண்டும் கிடைக்கின்றன. ரஷ்யாவில் இச்சிகிச்சைக்கு இரண்டுக்கும் தடை. 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனதும், அங்கே இவற்றை நம்பி வாழ்ந்த நூற்றுக்கணக்கானோருக்கு மருந்து நிறுத்தப்பட்டது.