வில்லாபுரத்து பிரௌசிங் சென்டரும் கல்லூரி விண்ணப்பச் செலவும்

கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பித் தருவதற்கு மதுரையில் தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் இருக்கிறது. அவற்றுள் வில்லாபுரத்தில் ஒரு பெண் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டு நடத்தும் சிறிய கடையைத்தான் பிள்ளையை இந்த ஆண்டு கல்லூரியில் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்குப் பரிந்துரைப்பேன். அங்கே வேலை வேகமாக நடக்கும் என்பதற்காக அன்று. எந்த விண்ணப்பம் வேண்டாம் என்பதையும், தங்கள் வருமானம் குறையும் என்று தெரிந்தே, அவர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்பதற்காக.

கட்டணம் வழக்கமானதுதான். கல்லூரி விண்ணப்பம் ஒன்றுக்கு 100 ரூபாய், பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு 200 ரூபாய். ஸ்கேனும் பிரிண்டும் தனி. கைப்பேசியில் நிழல் விழ எடுத்து வந்த சாதிச் சான்றிதழ் படத்தை அப்படியே ஏற்றிவிடாமல், அசலைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து, இணையதளம் ஏற்கும் கேபி அளவுக்குச் சுருக்கிய பிறகும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.

ஆனால் கடையின் உண்மையான சேவை கணினியில் இல்லை, மேசைமேல் கிடக்கும் கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. மாணவரின் பெயருக்குக் கீழே கல்லூரி, பாடப்பிரிவு, விண்ணப்பக் கட்டணம், கடைசி நாள் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு கிடையாது. அதில் ஒரு டிக் அல்லது ஒரு கோடு மட்டும் விழுகிறது. அது எதற்கு என்பது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகளுக்காக வந்திருந்த ஒரு தகப்பனாரிடம் அந்தப் பெண் பேசியபோது விளங்கியது. அவர் கையில் மதுரைக் கல்லூரிகளோடு விருதுநகர், சிவகாசி, திண்டுக்கல் கல்லூரிகளும் அடங்கிய ஒரு பக்கப் பட்டியல் இருந்தது.

"எல்லாத்துலயும் போட்டு விட்ருத்தா" என்றார் அவர்.

"போடலாம்ண்ணே. ஃபாரத்துக்கே மூவாயிரத்துக்கு மேல ஆகும், அது கூடப் போகட்டும். இதுல எந்தக் காலேஜுல சீட் வந்தா மறுநாளே பணங்கட்டுவீக? அத மட்டும் சொல்லுங்க."

அவர் பட்டியலை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். விடுதியில் விடுவதாக இல்லை என்றதும் விருதுநகரும் சிவகாசியும் போயின. மாலை ஷிஃப்ட் முடிந்து ஆரப்பாளையம் வந்து உசிலம்பட்டி பஸ் ஏறினால் வீடு சேர எத்தனை மணியாகும் என்ற பேச்சு வந்ததும் மாலையில் நடக்கும் இரண்டு சுயநிதிப் பிரிவுகள் போயின. மிஞ்சியவை நான்கு; தலைப்பில்லாத கட்டத்தில் அவற்றுக்கு மட்டும் டிக், மற்றவற்றுக்குக் கோடு. கடைக்கு அந்தக் கால் மணி நேரத்தில் பல நூறு ரூபாய் நட்டம் என்பதை நான் கவனித்தேன். அந்தப் பெண் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதை இந்தக் கடையில் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை: பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். அதைக் கட்டிவிட்டால், திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரி தொடங்கி மாநிலம் முழுவதும் உள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் சாய்ஸ் ஃபில்லிங்கில் அடுக்கலாம். கூடுதல் விருப்பத்துக்குக் கூடுதல் செலவு இல்லை. அங்கே கஞ்சத்தனம் காட்டி ஐந்தாறு கல்லூரிகளோடு நிறுத்துகிறவர், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் சற்றே குறைந்தாலும் அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் நிற்க நேரும். முக்கியமானது எண்ணிக்கை அன்று, வரிசை. மேலே வைத்தது கிடைத்தால் கீழே உள்ளதைக் கணினி பார்க்காது.

அரசு கலைக் கல்லூரிகளும் பொது இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம் பெறுகின்றன. சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்புள்ள பெண் பிள்ளை இதை விட்டுவிடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

செலவு ஏறுவது மூன்றாவது வகையில்தான். அமெரிக்கன், தியாகராசர், மதுரா, பாத்திமா, லேடி டோக் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் பிரிவுக்கு ஒன்று, சுயநிதிப் பிரிவுக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பம் கேட்கும் கல்லூரிகளும், பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு கட்டணம் வாங்கும் கல்லூரிகளும் உண்டு. அதனால் 'ஐந்து கல்லூரி' என்று நினைத்துப் போகிறவர் பத்து விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிவிட்டு வருவார்.

இருந்தாலும் விண்ணப்பக் கட்டணம் சில்லறைக் கணக்குதான். கலைக் கல்லூரித் தேர்வுப் பட்டியல்கள் மே, ஜூன் மாதங்களில் வந்துவிட, பொறியியல் பொதுக் கலந்தாய்வு ஜூலையிலோ அதற்குப் பிறகோதான் நடக்கிறது. இடையில் ஓர் இடத்தைப் பிடித்துவைக்க முதல் பருவக் கட்டணத்தை முழுதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. பலர் இதற்காகத்தான் நகையை அடகு வைக்கிறார்கள். விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை இருக்கிறது: சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் நடைமுறைச் செலவு போக முழுத்தொகை, அதற்குப் பின் கடைசி நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத்தொகையையும் திருப்பித் தரக் குழு அறிவுறுத்தியது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதே 2018 விதிதான். இந்த அறிவிக்கையின் ஜெராக்ஸ் ஒன்றைக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். கன்சல்டன்சி என்று பலகை மாட்டி ஆயிரக்கணக்கில் வாங்கும் இடங்களில் இதை நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. தனி மின்னஞ்சல் இல்லாத மாணவர்களுக்குக் கடையிலேயே ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை அதே நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நேர்மையானவர்களே என்றாலும், வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டக்கூடிய நோட்டில் கடவுச்சொல் இருப்பது சரியில்லை. வீட்டுக்குப் போனதும் மாற்றிவிட வேண்டும். பணத்துக்கு ரசீது தருவதில்லை, கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஓடிபி வரும் கைப்பேசியை வேலைக்குப் போன தகப்பனாரிடம் விட்டுவிட்டு வருகிறவர்களால் வரிசை நின்றுவிடுகிறது என்றாலும், அதைக் கடையின் குற்றமாகச் சொல்ல முடியாது. உட்கார இரண்டே நாற்காலி.

போகிறவர்கள் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரத்து மாலை வேளைகளைத் தவிர்த்துக் காலை பத்து மணிக்குப் போவது நல்லது. முதல் பட்டதாரிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ இல்லையென்றால் அதை முன்னதாகவே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் இந்தக் கடையில் கிடைக்காது. 'சப்மிட்' அழுத்துவதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, பெயரின் இனிஷியலையும் பிறந்த தேதியையும் மதிப்பெண் பட்டியலோடு மாணவரே ஒத்துப் பார்க்கட்டும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கடையில் காசு வாங்குவதில்லை.