வார இறுதி விவசாயப் பட்டப்படிப்பு: மண் பாடத்துக்காகவே சேரலாம்

அனுபவமுள்ள விவசாயிகளுக்கென்று பல்கலைக்கழகத் தொடர்கல்விப் பிரிவொன்று இலங்கை மலையகத்தில் நடத்தும் இந்தப் படிப்பில் ஆகச் சிறந்தது மண் பாடம்.

மாதிரி எடுப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். சரிவு நிலத்தில் மேல், நடு, கீழ் மூன்றுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். மழை மேல்மண்ணை அடிவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதால், மூன்றையும் கலந்தால் முடிவு எந்தப் பாத்திக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பகுதியிலும் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டிச் சீவல் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பழைய பசளைப் பையில் கட்டிவந்தால் அத்தனையும் வீண். பையில் ஒட்டிய தூளே முடிவைப் பொய்யாக்கிவிடும்.

மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புத் தூளான டொலமைட் பற்றிய பாடமும் அருமை. கோவா வேர் வீங்கி, வெயில் ஏறியதும் செடி துவளும் நோய்க்கு மண்ணின் பி.எச். (அமில அளவைக் காட்டும் எண்; கூடினால் அமிலம் குறைவு) 7.2ஐத் தாண்டினால் அடக்கம் கிடைக்கும். அதே பாத்தியில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு போட்டால் தோலெல்லாம் சொறி, ஏனென்றால் சொறிக்கிருமி அமிலம் குறைந்த மண்ணில்தான் செழிக்கும். முப்பது வருடம் மண்வெட்டி பிடித்தவருக்கு இரண்டு நோயும் தெரியும். ஒன்றின் மருந்து மற்றதன் காரணமாவது இங்கேதான் தெளிகிறது. டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும் என்பதையும் செய்தே காட்டுகிறார்கள்.

தொழில்திறனுக்கு அரசு தரும் தேசிய தொழில்சார் தகைமையில் (NVQ) ஏழு மட்டங்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமம். வேலையிலேயே கற்ற திறனை ஏற்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் நேர்முகமும் செய்முறைச் சோதனையும் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு இங்கே சில பாடங்களில் விலக்கு உண்டு. நியாயமான ஏற்பாடு.

ஆனால் விண்ணப்பத்தோடு காணி உறுதி கேட்பது அநியாயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றித் தலைமுறையாக மரக்கறி செய்பவர்களிடம் உறுதி எங்கே இருக்கிறது? ஏப்ரல், மேயில் பரீட்சை வைப்பதும் தவறு. மேற்குச் சரிவுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து குவியும் அந்த மாதங்களில் லீவு கிடைக்காது. தமிழ்ப் பாடக்குறிப்புகளும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. இரண்டு முறை படித்தாலும் பிடிபடாது.

சேர விரும்புபவர்கள் முதலில் அந்தத் தொழில்சார் தகைமைச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவத்துக்கு ஆதாரமாக விற்பனைப் பில்களையும் பயிற்சிச் சான்றுகளையும் கையோடு கொண்டுபோங்கள். வினாத்தாள் தமிழில் வருமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.