தொலைக்கல்வியில் பி.ஏ.: கட்டுரையைத் திருத்துவது யார்?

திருகோணமலையில் வேலையை விடாமல் கலைப் பட்டம் ஒன்று முடிக்க நினைப்பவர்கள் என்னிடம் விசாரிப்பது பெரும்பாலும் நான்கைப் பற்றித்தான்: நாவலயில் தலைமையகம் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி, பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி, இந்தியாவின் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம்). நான் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கில பி.ஏ. படிக்கிறேன். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

பவுண்டில் கட்டுவதும் ரூபாயில் கட்டுவதும் ஒன்றா? அதை விளக்க வேண்டியதில்லை. பாடநூலில் இக்னோவை அடிக்க ஆளில்லை, அதன் இ-ஞானகோஷ் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இலக்கியக் கோட்பாடு தலைக்குள் ஏறாத நாட்களில் நானும் அங்கேதான் போவேன். ஒன்லைன் தளம், பதிவுசெய்த விரிவுரை, ஸூம் வகுப்பு எல்லாம் இப்போது எங்கும் இருக்கின்றன.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் எழுதும் கட்டுரையை யார் வாசிக்கிறார், வாசித்துவிட்டு என்ன எழுதித் திருப்பி அனுப்புகிறார்? கணிதம் என்றால் விடை சரியா பிழையா என்று நாமே பார்த்துவிடலாம். ஒரு கவிதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு அது வாதமா, கதைச்சுருக்கமா என்று தனியே இருந்து கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். என் முதல் ஒப்படை (அசைன்மென்ட்) ஒன்று திரும்பி வந்தபோது இரண்டாம் பத்தியின் ஓரத்தில் 'இதைக் கவிதையின் எந்த வரி சொல்கிறது?' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கேள்வி எனக்குச் செய்ததை எந்த வீடியோவும் செய்யவில்லை. வேறொரு நிறுவனத்தில் படித்த சிநேகிதி ஒருத்திக்கு 62 என்ற இலக்கம் மட்டும்தான் வந்தது. 62 ஏன், மீதி எங்கே போனது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படைகள் போன்றவற்றுக்கான தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க முடியாது. பலர் இதைத்தான் திட்டுவார்கள். எனக்கோ இதுதான் அதன் பெரிய பலம், ஏனென்றால் வேலை முடிந்து வந்து களைத்துப்போய் இருக்கிற ஆளையும் வருடம் முழுக்க எழுத வைக்கிறது. ஒன்லைனில் நடக்காத வகுப்புக்கு வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு நிலையத்துக்குப் பஸ் ஏறவேண்டும், அது அலைச்சல்தான். ஆனால் அங்கே விரிவுரையாளரிடம் நேரே கேட்கலாம்.

லண்டனின் பெயருக்குக் குறையில்லை. 1858 முதல் வெளிவாரி மாணவர்களைச் சேர்க்கிறது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே 1942 வரை லண்டன் பட்டத்துக்குத்தான் ஆட்களைத் தயார்படுத்தியது. ஆனால் பாரம் பெரும்பாலும் இறுதிப் பரீட்சையின் தலையில்தான். ஏற்கெனவே எழுதிப் பழகியவருக்கு அது பொருந்தும். இக்னோவிலும் ஒப்படை உண்டு, பி.ஏ.யில் பொதுவாக 30 வீதம்தான், மீதி பரீட்சைக்கு.

பிரிட்டன் ஓப்பன் யுனிவர்சிட்டியில் நான் படித்ததில்லை, அங்கே இருக்கும் மச்சாளின் ஒப்படைகளைப் பார்த்ததோடு சரி. ஒப்படையைத் திருத்தும் ரியூட்டர் பத்தி பத்தியாகக் குறிப்பெழுதி, அடுத்த ஒப்படையில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பணம் ஒரு பிரச்சினை இல்லையென்றால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

எதில் சேர்வதென்றாலும் பணம் கட்டமுன் அங்கே படிக்கும் ஒருவரிடம், திருத்தி வந்த ஒப்படை ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.