ஒரே குரலில் ஒரு தயாரிப்பாளரின் வாழ்க்கை: ‘தி கிட் ஸ்டேஸ் இன் தி பிக்சர்’

ஹாலிவுட் தயாரிப்பாளர் ராபர்ட் எவன்ஸைப் பற்றி பிரெட் மோர்கனும் நானெட் பர்ஸ்டீனும் இயக்கி 2002-இல் வெளியிட்ட இந்த ஆவணப்படத்தில், நண்பர்களோ எதிரிகளோ விமர்சகர்களோ கேமராவின் முன் அமர்ந்து எவன்ஸை நினைவுகூர்வதில்லை. 1994-இல் வெளிவந்த தமது சுயசரிதையை ஒட்டி, கரகரத்த குரலில், சற்றே மிதப்பான தோரணையில், ஒன்றரை மணி நேரம் அவரே கதை சொல்கிறார். படத்தின் கவர்ச்சி முழுவதும் இந்தக் குரலில்தான் இருக்கிறது. படத்தை முழுமையாக நம்ப முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

கதை சொல்லும் ஆற்றல் எவன்ஸுக்கு இயல்பாக வாய்த்திருக்கிறது. பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் நீச்சல் குளத்தருகே அவரைக் கண்ட நடிகை நார்மா ஷியரர், தம் மறைந்த கணவர் இர்விங் தால்பெர்க்கின் வேடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். எம்ஜிஎம் நிறுவனத்தின் தயாரிப்பை ஒருகாலத்தில் தம் கைக்குள் வைத்திருந்த தால்பெர்க்காக, பின்னாளில் பாரமவுண்ட் ஸ்டுடியோவின் தயாரிப்பை ஆளப்போகும் இளைஞர் நடித்தார் என்பதைக் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். அடுத்த படத்தில் காளைச் சண்டை வீரர் வேடத்துக்கு அவர் வேண்டவே வேண்டாம் என்று மற்றவர்கள் எதிர்த்தபோது, பையன் படத்தில் இருப்பான் என்று தயாரிப்பாளர் டாரில் ஸானக் அறிவித்த ஒரு வரிதான் ஆவணப்படத்தின் தலைப்பு. நடிகராக இருப்பதைவிட அந்த வரியைச் சொல்லும் இடத்தில் இருப்பதே மேல் என்று தமக்கு அப்போதே தோன்றிவிட்டதாக எவன்ஸ் கூறுகிறார்.

1966-இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் பாரமவுண்டை வாங்கிய பிறகு, அதன் தலைவர் சார்லஸ் புளூடார்ன், ஒரு படத்தைக்கூடத் தயாரித்து முடித்திராத எவன்ஸிடம் தயாரிப்புப் பொறுப்பை ஒப்படைத்தார். ‘ரோஸ்மேரீஸ் பேபி’, ‘லவ் ஸ்டோரி’, ‘தி காட்ஃபாதர்’ ஆகியவை அந்தக் காலத்துப் படங்கள். ஸ்டுடியோவை இழுத்து மூடிவிடலாமா என்று நியூயார்க்கில் நிர்வாகக் குழு யோசித்தபோது, இயக்குநர் மைக் நிக்கல்ஸின் உதவியுடன் எவன்ஸ் ஒரு குறும்படம் எடுத்து அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பழைய காட்சித் துண்டு இதில் இடம்பெறுகிறது. கேமராவை நேராகப் பார்த்து, வரப்போகும் படங்களைப் பற்றி அவர் பேசும் அந்தச் சில நிமிடங்கள், தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் மட்டுமல்லர், பணம் வைத்திருப்பவரை நம்ப வைப்பவரும்கூட என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் புரியவைத்துவிடுகின்றன. என் கணக்கில் படத்தின் உச்சம் இதுவே.

பழைய புகைப்படங்களை இயக்குநர்கள் கையாண்ட விதத்தையும் பாராட்ட வேண்டும். படத்திலுள்ள ஆட்களைப் பின்னணியிலிருந்து தனியே பிரித்து, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்துவதால், அசையாப் படங்களுக்கும் ஆழம் கிடைக்கிறது. இடையிடையே இந்த உத்தி கொஞ்சம் திகட்டுகிறது என்பதும் உண்மை.

குறைகள் சிறியவை அல்ல. ‘தி காட்ஃபாதர்’ நீளமான காவியமாக உருப்பெற்றது தம்மால்தான் என்ற எவன்ஸின் கூற்றை இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலா ஏற்றுக்கொண்டதில்லை. அந்தப் படத்தின் தயாரிப்பாளராகப் பெயர் பெற்றவர் ஆல்பர்ட் ரட்டி என்பதையும் பார்வையாளர் மறந்துவிடக் கூடாது. எவன்ஸ் தம் பெயரில் தயாரித்த ‘சைனாடவுன்’ படத்தில், முதலில் அமைக்கப்பட்ட இசையை அவர் முழுவதுமாக ஒதுக்கிவிட்டு ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தை அழைக்க, அவர் ஏறத்தாழ பத்தே நாட்களில் புதிய இசையை முடித்துக் கொடுத்தார். ஒரு தயாரிப்பாளரின் காதும் துணிச்சலும் தெரியும் இத்தகைய முடிவுகளைப் பற்றி இன்னும் விரிவாகக் கேட்கவே நான் விரும்பினேன். எவன்ஸின் மனைவியாக இருந்த நடிகை ஆலி மெக்ரா அவரைப் பிரிந்து நடிகர் ஸ்டீவ் மெக்வீனுடன் சென்ற கதைக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

சரிவைச் சொல்லும் பகுதி விறுவிறுப்பாக இருந்தாலும், கேள்வி கேட்க ஆளில்லாத குறை அங்குதான் அதிகம் உறுத்துகிறது. 1980-இல் கோகெய்ன் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அதன் தொடர்ச்சியாகப் போதைக்கு எதிரான தொலைக்காட்சிப் பிரசாரத்தை நடத்தியது, ‘தி காட்டன் கிளப்’ படத்துக்கு முதலீடு திரட்டும் முயற்சியில் இருந்த ராய் ரேடின் 1983-இல் கொலையுண்டது என அடுக்கடுக்காக வரும் நிகழ்வுகளில் எவன்ஸின் விளக்கம் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. கொலை வழக்கில் அவர்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. ஆயினும் வேறொருவரின் சாட்சியம் பக்கத்தில் இருந்திருந்தால் அவருடைய தரப்புக்கே வலு கூடியிருக்கும்.

எவன்ஸ் 2019-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார். எழுபதுகளின் ஹாலிவுட்டை நடுநிலையான வரலாறாக அறிய விரும்புவோர் வேறு நூல்களையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ஸ்டுடியோ அதிகாரி தம்மைத் தாமே எப்படி விற்றார் என்பதைப் பார்க்க விரும்புவோர் தயங்காமல் இதைப் பார்க்கலாம். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம்: நடிகர் டஸ்டின் ஹாஃப்மேன் எவன்ஸைப் போலவே பேசிக் காட்டும் பழைய காட்சி அப்போதுதான் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் எவன்ஸை வேறொருவர் கிண்டல் செய்ய இடம் கிடைப்பது அங்கே மட்டும்தான்.