பேமிலி ட்ரீயை எங்க வைக்கறது: ஃபேமிலிசர்ச்சா, ஆன்செஸ்ட்ரியா, கிராம்ப்ஸா?

குடும்ப வரலாறு தேட எந்தத் தளம் நல்லதுன்னு கேக்கறவங்க ரெண்டு கேள்வியைச் சேர்த்துக் கேக்கறாங்க. தேடுறது எங்க, தேடிக் கிடைச்சதை வைக்கறது எங்க. ரெண்டுக்கும் ஒரே இடம்னு நெனச்சு ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி எல்லாத்தையும் அதுலயே கொட்டிடறோம். நான் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் புழங்கிட்டு இப்போ கிராம்ப்ஸ்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் பக்கம் ஒதுங்கிட்டேன், அதனால இது நடுநிலை அலசல்லாம் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.

முதல் ரகம், எல்லாருக்கும் பொதுவா ஒரே மரம். ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ, ஜெனி இதெல்லாம் இதுல வரும். ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம், அமெரிக்காவுல யூட்டாவுல இருக்கற மார்மன் சபைங்கற மத அமைப்பு நடத்துது. 1938-லேர்ந்து உலகம் பூரா பதிவேடுகளை மைக்ரோஃபிலிம்ல எடுத்து வெச்சிருந்தாங்க, அப்படிச் சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருளை டிஜிட்டல் பண்ற வேலை 2021-ல முடிஞ்சுது. காசில்லாம தேடுறதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பேரைப் போட்டுத் தேடி ஒண்ணும் வரலைன்னதும் மூடிட்டுப் போயிடாதீங்க, படமா மட்டும் ஏத்தி, பேரைப் போட்டுத் தேடற மாதிரி இன்னும் இன்டெக்ஸ் பண்ணாத பதிவேடு ஏகப்பட்டது கெடக்கு, கேட்டலாக்ல ஊர் பேரைப் புடிச்சு உள்ள போயி பக்கம் பக்கமா புரட்டணும். கண்ணு வலிக்கும், ஆனா அங்கதான் சரக்கு இருக்கும்.

சிக்கல் அங்க மரத்தை வைக்கும்போதுதான். இறந்தவங்க பக்கத்தை யார் வேணா மாத்தலாம். அதே பேர்ல, கிட்டத்தட்ட அதே காலத்துல இருந்த வேற ஒருத்தரை உங்க கொள்ளுத்தாத்தாவோட ஒண்ணாச் சேர்த்துட்டு முகம் தெரியாத ஒருத்தர் போயிடுவார். யார் எப்போ மாத்துனாங்கன்னு ஹிஸ்டரில இருக்கும், பழையபடி திருப்பிக்கலாம்தான், ஆனா அதை வாழ்நாள் முழுக்க யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமே. உயிரோட இருக்கறவங்க பக்கம் நேர் எதிர், பொது மரத்துல அது உருவாக்குனவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், நீங்க போட்ட சித்தப்பாவை அவர் பையனே பாக்க முடியாம இன்னொரு சித்தப்பாவை உருவாக்கிட்டு இருப்பான். இன்னொண்ணு, அந்தச் சபையோட நம்பிக்கைப்படி இறந்தவங்களுக்காகச் செய்யற சடங்குகளுக்கும் இந்த மரத்துல இருக்கற பேர்கள் பயன்படும். அதுல சங்கடப்படறவங்க வீட்ல இருந்தா, ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

ரெண்டாவது ரகம் சந்தா தளம். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ். இவங்க ப்ளஸ் பாயிண்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நாலு பேரைப் போட்டாலே "இவர் உங்க உறவா இருக்கலாம்"னு குறிப்பு வந்து விழும், போட்டோவுக்குக் கலர் அடிச்சுக் குடுக்கும். மரம் உங்களோடது, மத்தவங்க கை வைக்க முடியாது. சந்தா முடிஞ்சா? ஆன்செஸ்ட்ரில மரம் அப்படியே நிக்கும், ஆனா அதுல நீங்க கோத்து வெச்ச சந்தா பதிவேடுகள் பூட்டிக்கும். பிறந்த தேதி தெரியும், அந்தத் தேதியை எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தீங்கங்கற ஆதாரம் திறக்காது.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: போட்டதை முழுசா வெளிய எடுக்க முடியுமா? ஏன்னா இந்தக் கம்பெனிகள் எல்லாம் கைமாறும், மூடும். குடும்பங்கள் போட்டோவும் கதையும் பகிர்றதுக்குன்னே இருந்த மைஃபேமிலி தளத்தை ஆன்செஸ்ட்ரி 2014-ல மூடுச்சு, அதே வருஷம் முண்டியாங்கற தன்னோட இன்னொரு பேமிலி ட்ரீ தளத்தையும் மூடுச்சு. ஜெனியை 2012-ல மைஹெரிடேஜ் வாங்குச்சு. ஆன்செஸ்ட்ரியையே 2020-ல பிளாக்ஸ்டோன்ங்கற முதலீட்டுக் கம்பெனி வாங்குச்சு. நாம எழுதறதோ நம்ம பேரப்பசங்க படிக்கறதுக்கு.

வெளிய எடுக்கறதுன்னா எல்லாரும் ஜெட்காம் இருக்குல்லம்பாங்க, அதாவது மரத்தை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போற பொதுவான ஃபைல் வடிவம். இருக்கு. அந்த ஃபைலை நோட்பேட்ல தொறந்து பாருங்க, வெறும் எழுத்துதான், ஒவ்வொரு வரியும் 0, 1, 2-ன்னு ஒரு நம்பர்ல ஆரம்பிக்கும். 0 போட்டு ஒரு ஆள், அதுக்குக் கீழ 1 போட்டு பிறப்பு, அதுக்கும் கீழ 2 போட்டு தேதி. அவ்ளோதான். போட்டோ அதுக்குள்ள இருக்காது, போட்டோ இருந்த இடத்தோட விலாசம் மட்டும் இருந்தாலே பெருசு. ஆன்செஸ்ட்ரிலேர்ந்து ஜெட்காம் இறக்குனா படம் வராது. ஃபேமிலிசர்ச் பொது மரத்துல நேரடியா ஜெட்காம் இறக்கற வசதியே கிடையாது, ரூட்ஸ்மேஜிக் மாதிரி வேற சாஃப்ட்வேர் வழியாத்தான் இழுக்கணும். 2021-ல வந்த ஜெட்காம் 7-ல படத்தையும் சேர்த்துக் கட்டித் தர வழி பண்ணிட்டாங்க, ஆனா எல்லாரும் இன்னும் அதுக்கு மாறல, பழைய 5.5.1 தான் பரவலா ஓடுது. தமிழ்ல பேர் போட்டிருந்தா எக்ஸ்போர்ட் பண்ணும்போது எழுத்துக் குறியீடு (என்கோடிங்) யூடிஎஃப்-8 தானான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, இல்லன்னா தாத்தா பாட்டி எல்லாரும் கேள்விக்குறியா வந்து நிப்பாங்க.

கிராம்ப்ஸ்ல இந்தத் தலைவலி இல்ல. 2001-லேர்ந்து வளந்துட்டு வர்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், டேட்டா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். எக்ஸ்போர்ட் குடுத்தா மரம், ஆதாரம், படம் எல்லாம் ஒரே ஃபைலா கட்டிக் குடுத்துடும். உள்ள இருக்கறது எக்ஸ்எம்எல்ங்கற எழுத்து வடிவம், நாளைக்கு கிராம்ப்ஸே இல்லன்னாலும் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுடலாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது குரூப் போட்டோ விஷயம். பழைய கல்யாண போட்டோல பின் வரிசைல பாதி முகம் மறைஞ்சு நிக்கற அத்தையை மட்டும் கட்டம் கட்டி அவங்க பேரோட கோத்துட்டா, அவங்க பக்கத்துல அந்த முகம் மட்டும் வரும், போட்டோவோ முழுசா அப்படியே இருக்கும். தேதியும் அப்படித்தான், "பெரியவர் பொறந்ததுக்கு அப்புறம், பஞ்சத்துக்கு முன்னாடி"ன்னு பாட்டி சொன்னா இந்த வருஷத்துக்கும் அந்த வருஷத்துக்கும் நடுவுலன்னு போடலாம், பொய்யா ஒரு தேதியை இட்டுக்கட்ட வேண்டாம். ஆதாரத்துக்கு எவ்ளோ நம்பிக்கைன்னு தரமும் குறிக்கலாம், பெரியப்பா வாய்வழிச் சொன்னதும் பதிவாளர் ஆபீஸ் சர்டிபிகேட்டும் ஒரே எடையில நிக்காது.

குறையும் இருக்கு. முதல் நாள் தொறந்தா பயமுறுத்தும், எங்க பட்டனை அமுக்கறதுன்னே தெரியாது. குறிப்பு எதுவும் தானா வராது. முக்கியமா, பகிர்றது கஷ்டம். நான் பண்றது, அதுலயே வெப்சைட் மாதிரி பக்கங்களை உருவாக்கற வசதி இருக்கு, உயிரோட இருக்கறவங்களை விட்டுடுன்னு டிக் பண்ணி உருவாக்கி சொந்தக்காரங்களுக்குக் குடுத்துடறேன், திருத்தம் இருந்தா போன்ல சொல்லுவாங்க, நான் ஏத்திக்குவேன். பல பேர் சேர்ந்து எழுதணும்னா கிராம்ப்ஸ் வெப்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு சர்வர் வேணும், நான் ஓட்டிப் பாக்கல, அதனால அதைப் பத்தி நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். டிஎன்ஏ டெஸ்ட் பக்கமும் நான் போகல, அதுக்காகத்தான் தேடறீங்கன்னா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணித் தர்ற தளங்களைத்தான் பாக்கணும்.

வாட்ஸ்அப் குரூப்பை மறந்துடக் கூடாது, நெஜமான கதையெல்லாம் அங்கதான் வருது. ஆனா போட்டோவா அனுப்புனா சைஸ் சுருங்கி, எடுத்த தேதி விவரமெல்லாம் அழிஞ்சுதான் வந்து சேரும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தா அதையும் ஒரு படம் கேளுங்க.

ஏற்கனவே சந்தா தளத்துல எல்லாத்தையும் போட்டாச்சுன்னா பயப்பட வேண்டாம். சந்தா உயிரோட இருக்கும்போதே கோத்து வெச்ச பதிவேட்டுப் படங்களை ஒவ்வொண்ணா இறக்கி, ஃபைல் பேர்லயே ஆள் பேரும் வருஷமும் போட்டு வெச்சுக்கோங்க, ஜெட்காமைக் கடைசியா இறக்குங்க. மரம் பெருசா இருந்தா ரூட்ஸ்மேஜிக் இல்ல ஃபேமிலி ட்ரீ மேக்கர் ஆன்செஸ்ட்ரிலேர்ந்து படத்தோட சேர்த்தே இழுத்துக் குடுக்கும், அங்கேர்ந்து கிராம்ப்ஸுக்குக் கொண்டு வந்து, முதல்ல நாலஞ்சு பேரை எடுத்து படமும் ஆதாரமும் ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் சந்தாவை நிறுத்துங்க.