‘கம்பெனி பெயின்ட்’ என்ற பெயரில் எங்கள் சுவரில் பூசப்பட்டது டிஸ்டெம்பர்

சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, உட்புறச் சுவர் வேலையை ஒப்பந்தமாக எடுத்தவர் பிரீமியம் எமல்ஷன் என்ற விலையுயர்ந்த பெயின்டுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, பாதிக்கு மேற்பட்ட சுவர்களில் டிஸ்டெம்பர் என்ற மலிவான பூச்சைப் பூசிவிட்டுப் போனார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் திட்டமிட்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், இது எப்படி நடந்தது, எப்படி வெளிப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை.

அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ‘இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் கம்பெனி பெயின்ட், சதுர அடிக்கு 28 ரூபாய், மெட்டீரியலோடு’ என்று எழுதியிருந்தது. (பட்டி என்பது சுவரை வழவழப்பாக்கும் பூச்சு; பிரைமர் என்பது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு.) எந்த வகைப் பெயின்ட் என்று கேட்டதற்கு, கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் கூரைகளுக்கும் பிரீமியம் எமல்ஷன்தான் என்று வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார். ‘கம்பெனி பெயின்ட்’ என்ற சொல்லை நம் ஊரில் எல்லா ஒப்பந்தக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது எதையும் உறுதி செய்வதில்லை, ஏனென்றால் பெரிய நிறுவனம் ஒவ்வொன்றும் கிலோ கணக்கில் விற்கும் மலிவான டிஸ்டெம்பரிலிருந்து லிட்டர் கணக்கில் விற்கும் விலையுயர்ந்த எமல்ஷன் வரை எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ்தான் தயாரிக்கிறது. இந்திய தர நிர்ணயத்திலும் இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள்தாம்: கழுவத்தக்க டிஸ்டெம்பருக்கு ஐ.எஸ். 428, பிளாஸ்டிக் எமல்ஷனுக்கு ஐ.எஸ். 15489. டிஸ்டெம்பரில் பசைப்பொருள் குறைவு, சுண்ணத் தூள் போன்ற நிரப்பிகள் அதிகம். ஆகவே அது எமல்ஷனைப்போல் உறுதியான படலமாக இறுகுவதில்லை. டிஸ்டெம்பரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வாடகை வீட்டுக்கும் அதிகம் கைபடாத கூரைக்கும் அது போதுமானது. பல மடங்கு விலையுள்ள பொருளுக்கான தொகையை வாங்கிக்கொண்டு அதைப் பூசியதுதான் மோசடி.

வேலை தொடங்குவதற்கு முன் அவர் பேசியதெல்லாம் நிறத்தைப் பற்றியே இருந்தது. ஷேடு கார்டை விரித்து, எந்தச் சுவர் கிழக்குப் பார்த்தது, எந்த விளக்கின் கீழ் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னவற்றில் உண்மையும் இருந்தது. மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்கின் கீழும் வெள்ளை ஒளி தரும் விளக்கின் கீழும் ஒரே நிறம் வேறுவேறாகத்தான் தெரியும். ஆனால் நிறத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசியவர், பக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வகைப்பெயரைப் பற்றி ஒருமுறைகூடத் தாமாக வாய் திறக்கவில்லை.

முதலில் வெளிப்பட்டது அளவுக் கணக்கில் இருந்த பித்தலாட்டம். தரைப்பரப்பு 900 சதுர அடி என்பதால் அதை மூன்றரையால் பெருக்கி 3,150 சதுர அடி என்று பில் போட்டிருந்தார். இந்தப் பெருக்கல் ஒரு குத்துமதிப்புதானே தவிர அளவு அன்று. டேப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் அளந்து, கதவு, ஜன்னல், அலமாரித் திறப்புகளைக் கழித்து, கூரையைச் சேர்த்துப் பார்த்தபோது 2,640 சதுர அடிதான் வந்தது. இல்லாத 510 சதுர அடிக்கு 28 ரூபாய் வீதம் 14,280 ரூபாயைக் கூடுதலாகக் கேட்டிருந்தார்.

அந்த அளவே அடுத்த மோசடியையும் காட்டிக்கொடுத்தது. பிரீமியம் வகை உட்புற எமல்ஷன்கள், பட்டி பார்த்துத் தேய்த்த வழவழப்பான சுவரில், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குப் பொதுவாக 120 முதல் 140 சதுர அடி வரை வரும். பெரும்பாலான பக்கெட்டுகளின் மீது இந்தப் பரப்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 19 முதல் 22 லிட்டர் வரை தேவை. அவர் கொடுத்த கடை பில்லில் இருந்ததோ ஒரே ஒரு 10 லிட்டர் பக்கெட். அதை எவ்வளவு சிக்கனமாகப் பூசினாலும் 1,400 சதுர அடியைத் தாண்டாது. மீதிப் பெயின்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, ‘இன்னொரு பில் கடையில் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்’ என்றார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் 20 கிலோ டிஸ்டெம்பர் பக்கெட் ஒன்றும், ஸ்டெயினர் எனப்படும் நிறச் சாயம் அடைத்த சில பாட்டில்களும் கிடைத்தன. வெள்ளை டிஸ்டெம்பரில் ஸ்டெயினரைக் கையால் கலந்து, கடையின் டின்டிங் மெஷினில் கலந்த எமல்ஷனின் நிறத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள். கூடமும் படுக்கையறையும் ஒரே நிறத்தில் கேட்டிருந்தும் பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். அது கூரைக்காக வாங்கியது என்று அவர் சமாளிக்கப் பார்த்தார். கூரைக்கும் எமல்ஷன் என்ற அவருடைய வாட்ஸ்அப் செய்தி எங்களிடம் இருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. படுக்கையறைச் சுவரை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தபோது துணி முழுவதும் நிறம் ஏறியது. கூடத்துச் சுவரில் அப்படி எதுவும் நிகழவில்லை. இச்சோதனையைப் பூசிய உடனே செய்யக் கூடாது. எமல்ஷனும் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கடைசித் தவணையை நிறுத்தி வைப்பது நல்லது.

பெயின்ட் அடித்த தொழிலாளர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. தினக்கூலிக்கு வருபவர்கள், கொடுத்ததைப் பூசினார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர், ‘இந்த ரூம் சுவத்த தண்ணி வச்சுத் துடைக்காதீங்க சார், நிறம் போயிடும்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சந்தேகம் பிறந்ததே அதிலிருந்துதான். பக்கெட்டுக்குள் பெயின்டர்களுக்கென்று நிறுவனங்கள் ஊக்கப்பரிசாக வைக்கும் டோக்கனைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அதை அவர்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பெயின்ட்தான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது என்று யாராவது வற்புறுத்தினால், அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் டோக்கனும் இருக்கக்கூடும்.

குளியலறையை ஒட்டிய சுவரின் கதை தனி. அங்கே குழாய்க் கசிவால் ஓதம் ஏறியிருந்தது. கசிவைச் சரிசெய்து சுவரைக் காயவிட வேண்டும் என்று சொன்னபோது, தண்ணீர் தாங்கும் பட்டி போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று அதன் மேலேயே பூசினார். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் உப்புப் பூத்து, கொப்புளம் கிளம்பி, பட்டியோடு சேர்ந்து பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எந்தப் பட்டியும் உள்ளிருந்து வரும் நீரை நிறுத்தாது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்து, உட்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்த்தால் சுவர் காய்ந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. அவர் அதற்கும் மறுத்துவிட்டார்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அளவில் கூடுதலாக வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தந்தார்; பெயின்ட் மாற்றியதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக மனு செய்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். எங்களுக்குக் கைகொடுத்தவை கடை பில், வாட்ஸ்அப் செய்தி, வகைப்பெயரும் ஷேடு எண்ணும் தெரியும்படி எடுத்த பக்கெட் படங்கள், டேப் அளவுக் குறிப்பு ஆகியவைதாம்.

இழப்பீடு கேட்கும்போது இரண்டு பெயின்டுகளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். தூள் உதிரும் டிஸ்டெம்பரின் மேல் நேரடியாக எமல்ஷன் பூசினால் அது பிடிக்காமல் உரிந்து வரும். பழையதை முழுவதும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே புதிதாகப் பூச முடியும். இந்தக் கூலி விலை வித்தியாசத்தைவிட அதிகம். இதற்கென்று வேறொரு பெயின்டரிடம் எழுத்துப்பூர்வமாக மதிப்பீடு வாங்கி மனுவுடன் இணைத்திருக்கிறோம்.